கச்சான் காற்றில் ஒரு கல்யாணச் சாப்பாடு

என் கல்யாணத்துக்கு மண்டபம் வேண்டாம் என்று நான் சொன்னதுமே அத்தை மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் தங்கை. அழுகையை எப்போதும் கைவசம் வைத்திருப்பவள்.

"ஏளா, நாங்க என்ன நாதியத்தவங்களா? காட்டுல கொண்டுபோயி கல்யாணம் பண்ணப் போறேங்கிற!"

நான் அசரவில்லை. தூத்துக்குடியில் நல்ல மண்டபமாக எடுத்தால் அப்பா இன்னும் மூன்று வருஷம் தோணி ஏற வேண்டும். மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகும் தோணியில் முப்பது வருஷமாக ஆடி ஆடி அவர் முட்டி தேய்ந்துவிட்டது. போதும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்தால் வீட்டில் பேச்சு அதோடு சரி.

உடன்குடிக்குக் கிழக்கே, கடலையொட்டிய பனங்காட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடாரம் போட்டுத் தங்கும் கேம்ப் கிரவுண்ட் ஒன்று வார நாளில் மலிவாகக் கிடைத்தது. மாப்பிள்ளையின் ஊர் கூப்பிடு தூரம். கல்யாணப் பூசை அந்த ஊர் மாதா கோயிலில், சாப்பாடு எங்கள் பொறுப்பில் இங்கே. நாற்காலி கோயிலிலிருந்து. மைக் செட், என்னோடு ஆபீசில் வேலை பார்ப்பவரின் தம்பியுடையது. வாசலுக்குக் குருத்தோலைத் தோரணம். நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, தயிர்ப் பச்சடி, அவ்வளவுதான். ஐஸ்கிரீம் இல்லையா என்று கேட்டவர்களை, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அத்தை, "எங்க அண்ணன் தோணியில தண்டல்லா" என்று ஒரு போடு போட்டிருந்தாள். தண்டல் என்றால் தோணியின் தலைவர். அப்பா தண்டல் இல்லை, பண்டாரி. தோணியில் சமையல் அவருக்கு. மாப்பிள்ளைக்கு உண்மை தெரியும்; அவருடைய அப்பா ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், அவருக்குத் தெரியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வரும்.

அத்தை அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "கல்யாணத்தன்னைக்கு நீ கரண்டியத் தொடப்படாது, பாத்துக்கோ. சம்பந்தக்காரங்க முன்னால மானத்த வாங்கிராத." எல்லாம் சமையல்காரர் பார்த்துக்கொள்வார் என்று நானும் ஒத்து ஊதினேன்.

இதற்கு நடுவில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காத்து எப்படிம்மா இருக்கும் அங்கன?"

"சூப்பரா இருக்கும்ப்பா" என்றேன்.

நான் இடம் பார்த்தது மாசி மாதம். காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது. கல்யாணம் வைத்தது வைகாசிக் கடைசியில், ஏனென்றால் அப்போதுதான் அப்பா கரையில் இருப்பார். அப்போது ஏன் கரையில் இருக்கிறார்? கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பிவிட்டால் தோணி ஓடாது, அதனால். தோணிக்காரன் மகள், ஹார்பர் பக்கம் கிளியரிங் ஆபீசில் வேலை பார்ப்பவள், எனக்கு இது உறைக்கவேயில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பூசை முடிந்து ஒன்பதரைக்கு எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்கினோம். இறங்கியதுமே என் முக்காட்டுத் துணி பறந்து பனையில் போய் மாட்டிக்கொண்டது. மேற்கிலிருந்து தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு சீறியது கச்சான். சமையல்காரர் கேஸ் அடுப்பை ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டிருந்தது. இருநூறு பேருக்குச் சாப்பாடு. உலை கூட ஏறவில்லை.

"இந்தக் காத்துல என்னால முடியாதும்மா. பேசாம ஓட்டல்ல பொட்டலம் சொல்லிருங்க" என்றார் அவர்.

அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பவே சொன்னேனே! எங்க அண்ணன் தலைய குனிய வச்சிட்டியேளா!" பட்டுச்சேலையும் நகையுமாக மணலில் நின்று அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு புதுச்சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "டிரைவர் தம்பி, பஸ்ஸ இங்கன குறுக்க போடும்" என்றார். விருந்துக்கு வந்திருந்த தோணிக்காரர்கள் நாலு பேர், யாரும் கூப்பிடாமலே கேம்ப் கிரவுண்ட் மண்வெட்டிகளோடு வந்து நின்றார்கள். பஸ்ஸின் மறைவில் முழங்கால் ஆழத்துக்குக் குழிகள் வெட்டினார்கள். காற்று அளவாகப் போக ஒவ்வொரு குழிக்கும் பக்கவாட்டில் ஒரு வாய். உள்ளே பனங்காட்டில் பொறுக்கிய விறகு, மேலே அண்டா, மூடியின் மேல் நனைந்த சாக்கு. அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த அதே காற்று இப்போது ஊதிக் கொடுத்தது. ஆடுகிற தோணியில், மணல் பரப்பிய பெட்டிக்குள் தீ மூட்டிச் சோறு பொங்குகிறவருக்கு ஆடாத தரை ஒரு பொருட்டா?

ஹெட்மாஸ்டர் மாமா பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்தார். பனியனோடு கறி கிண்டும் சம்பந்தியைப் பார்த்தார். "தண்டல்னுல்லா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "இல்ல மாமா. எங்க அப்பா பண்டாரி. அன்னைக்குச் சொன்னது பொய். நானும் கேட்டுட்டு சும்மாதான் இருந்தேன், தப்பு என் மேல. முப்பது வருஷமா கடல்ல சமைச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாரு."

அவர் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். ஆனால் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. நெய்ச்சோறு உதிரி உதிரியாக, கறி பஞ்சாக. மருந்துக்கும் மண் இல்லை. இலையில் கை போகிற சத்தம்தான். "யாருடே சமையல்?" என்று விசாரித்தபடியே மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் கேட்டுக்கேட்டு வாங்கினார்கள். மூன்று பந்தி. ஒருவர் கூட அரை வயிற்றோடு எழவில்லை. சமையல்காரரே இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து வெளுத்துக்கட்டினார்!

எல்லாரும் எழுந்த பிறகு அப்பா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அண்டாப் பக்கம் போனார். அப்போதுதான் மாமா வந்தார். தோளில் கிடந்த பட்டுத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் இலைக்கு முன்னால் உட்கார வைத்தார். சோற்று வாளியைத் தூக்கினார்.

அப்பா பதறிப்போய் எழுந்தார். "ஐயோ, நீங்க போயி..."

"உக்காருங்க சம்பந்தி. கடல்ல உங்களுக்கு யாரு பரிமாறுவா?"

"அங்கன யாரு இருக்கா? எல்லாரும் தின்ன பெறவு நானே போட்டுக்கிடுவேன்."

"இது கரைல்லா" என்றார் மாமா. குனிந்து சோற்றைப் போட்டு, அதன் மேல் குழம்பை ஊற்றினார்.

அப்பா உட்கார்ந்தார். இரண்டாம் தடவை மாமா வாளியோடு வந்தபோது, போதும் என்று கையை நீட்டி மறிக்கவில்லை.