ஓவனுக்குப் போன டச்சு கேப்டன்

எபினேசரிடம் ஒரு படையே இருக்கிறது. துப்பாக்கிக்காரன், குதிரைக்காரன், கொடி பிடிக்கிறவன் என்று எல்லோரும் உண்டு. எல்லாம் அவன் கையால் செய்த பொம்மைகள், ஆளுக்குக் கட்டைவிரல் உயரம். ஒரு சாம்ராஜ்யத்துக்கே தளபதி, ஆனால் சொந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்ற வராது. இதைச் சொன்னது மனைவி ஹெலன் இல்லை. அவனே கேன்டீனில் சொல்லிச் சிரிப்பான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபேன் மூடிகளுக்குப் பெயின்ட் ஏற்றும் கம்பெனியில், பெயின்ட்டைச் சுட்டுக் காயவைக்கிற ஓவனுக்கு அவன் ஆபரேட்டர். மிச்ச நேரமெல்லாம் படைக்குத்தான். ரேடியோ பற்றவைக்கிற ஈயக் கம்பியை வளைத்தால் எலும்பு. குழாய் ஒழுகலை அடைக்கிற இரண்டு பசையைப் பிசைந்து அப்பினால் சதை. ஊசியால் கீறினால் மூக்கு. அந்தக் காலத்து டச்சுக்காரன் வாளை எந்தத் தோளிலிருந்து தொங்கவிட்டான் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வான். டியூட்டி முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் டீ கொதித்துக்கொண்டிருக்கும். தன் ராசி அப்படி என்று நினைத்துக்கொள்வான்.

ஹெலனுக்குத்தான் அந்தப் படை பிடிக்கவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிகீற. ஆனா ஆளு மாதிரி இல்லியே. அல்லாரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வெறப்பா நிக்கிறானுங்க."

எபினேசர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவன் மாதிரி இருப்பான். உள்ளே சுருக்கென்று தைக்கும். ஊரே பாராட்டினாலும் அவள் வாயால் ஒரு தடவை 'ஆள் மாதிரி இருக்கு' என்று வராதா என்று ஏங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் நடக்கும் பொம்மைக் கண்காட்சியில் முதல்முறையாக அவனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அதற்காகவே பழவேற்காட்டுக் கோட்டையின் டச்சு கேப்டன் ஒருவனைச் செய்தான். நெஞ்சு நிமிர்ந்து, மோவாய் தூக்கி, இடுப்பில் கை. இவனைப் பார்த்தாவது ஹெலன் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் விடாத மழை; பெயின்ட்டுக்கு முன்னால் அடித்த ப்ரைமர் பூச்சு காயாமல் கையில் ஒட்டியது. சனிக்கிழமை காலை கேப்டனை டிபன் பாக்ஸில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனான். எதையும் காயவைக்க ஓவன் இருக்க, கவலை எதற்கு?

"இத்தயாணா உடப்போற? தாங்குமா?" என்றான் கூட வேலை செய்கிற வரதன்.

"எங்கிட்டயே கேக்கறியா? ஓவன கரைச்சி குடிச்சவன்பா நானு."

புதிதாக வேலைக்கு வருகிற எவனுக்கும் எபினேசர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் ஓவனில் விடாதே என்பதுதான். கேப்டனின் உள்ளே இருப்பது ஈயம், அந்தச் சூட்டில் ஈயம் உருகும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ட்ரேயில் நிற்கவைத்து வழியனுப்பியபோது மட்டும் அந்த மூளை டீ குடிக்கப் போயிருந்தது.

கேப்டன் வெளியே வந்தான். முட்டி மடங்கியிருந்தது. தோள் சரிந்து, தலை தொங்கி, இடுப்பில் இருந்த கை முதுகுப் பக்கம் வழுக்கியிருந்தது.

"கேப்டன் சரண்டர்ணா" என்றான் வரதன். மத்தியானத்துக்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் எபினேசர்தான். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து கேப்டனை மேஜைமேல் வைத்து, முட்டியை நிமிர்த்திப் பார்க்கலாம் என்று இடுக்கியை எடுத்தான். டீயோடு வந்த ஹெலன் அப்படியே நின்றாள்.

"இவன எப்ப செஞ்ச?"

"நான் எங்க செஞ்சேன்? ஓவன்ல வெந்துட்டான்."

"இவன்தான்யா ஆளு மாதிரி கீறான்."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"கம்பெனி பஸ்ஸ உட்டு எறங்கி, தெருமொனைல முதுகுல கைய வச்சிக்கினு கொஞ்ச நேரம் நிப்ப பாரு. அப்டியே கீது."

"நீ எங்க பாத்த?"

"தெனமும் மாடி ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினுதான கீறேன். நீ எறங்கனப்புறம்தான் டீயே வெப்பேன்."

செத்துப்போன டச்சுக்காரனின் காலரில் எத்தனை மடிப்பு என்று தெரிந்த மனுஷனுக்கு, தன் தெருவில் ஒரு ஜன்னல் இருப்பது தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"நாளைக்கு கண்காட்சிக்கு நீயும் வர்றியா?"

"வர்றேன். இவன நிமித்தாத."

இடுக்கியை டிராயரில் போட்டுவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தான். தொங்கிய அந்தத் தலையில் கண்ணை மட்டும் கொஞ்சம் மேலே பார்க்கிற மாதிரி வைத்தான்.