காந்தப் பெட்டிக்கு வைத்த பொட்டு

அந்தக் காந்தப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தது நான்தான். ஆயுத பூஜைக்கு லாரி, மோட்டார், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் வைக்கிறோம். எனக்குச் சோறு போடும் பெட்டிக்கு மட்டும் வேண்டாமா? வெளிக்கதவில், கைப்பிடி பக்கத்தில், விரல்நுனி அளவு. சூப்பர்வைசர் அண்ணன் பார்த்துச் சிரித்தார். என் டப்பாவிலிருந்த சுண்டலைக் கேட்டு வாங்கித் தின்றார்.

மறுநாள் தகடு விரிசல் விட்டது.

தகட்டின் மேல் மீக்கடத்திப் படலம் பூசி வரும், முடியைவிட மெல்லிசாக. கடுங்குளிரில் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். அதை இடுக்கியால் எடுத்துச் சோதனைக்காகப் பெட்டிக்குள் வைப்பது கம்பெனியில் என் வேலை. குளிரவைத்து, காந்தப்புலத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். அன்று வெளியே எடுத்தால் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கோடு. அந்த வாரம் இன்னும் சில தகடுகள் அதேபோலப் பிளந்தன.

காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணன் சொன்னார்: “சாமி கும்பிடறதெல்லாம் வீட்டோட வச்சுக்கம்மா. சந்தனத் தூசி உள்ள போயிருக்கு லா. கையும் உனக்கு நடுங்குது.”

யாரோ சிரித்தார்கள். என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவளுக்கு அந்தச் சோதனை அறை வேலை சும்மா கிடைக்கவில்லை.

அடுப்பு கேஸை மூடினேனா என்று ஒருமுறை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, மெர்போக் ஊரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி ஓடியவள் நான். என்னையே சந்தேகப்பட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? சந்தனம் ஒட்டியிருக்கிறதா என்று கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். நடுக்கமே அவர் சொன்ன பிறகுதான் வந்தது.

என் இடத்துக்கு வந்தவள் பொட்டு வைக்கவில்லை, அவள் கையும் நடுங்கவில்லை. தகடு விரிசல் விட்டது. அதற்குப் பிறகுதான் எஞ்சினியர் வந்து சோதித்தார். பேக்கிங் மேசைக்கு வந்து, மழை வருகிறது என்று சொல்வதுபோல என்னிடம் சொன்னார். காந்தப்புலத்தை அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். அப்படி இறக்கினால் படலம் உள்ளே பிடித்து வைத்திருக்கும் காந்தமே அதை வெளிப்பக்கம் இழுக்குமாம். ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அங்கிருந்து பிளந்துகொண்டே போகுமாம். வேலை தேங்குகிறதென்று வேகத்தைக் கூட்டச் சொன்னது யார்? சுண்டல் தின்ற அதே அண்ணன்.

மாலையில் அவரே வந்தார். “நாளைக்கு உன் எடத்துக்கே வந்துரும்மா. முடிஞ்சதப் பேசி என்ன.”

“எல்லாரும் நிக்கும்போதுதானே சொன்னீங்க, அண்ணே. எல்லாரும் நிக்கும்போதே காரணம் நான் இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் வரேன்.”

வேலையே போய்விடும் என்று அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சொன்னார்: “செட்டிங்தான் பிரச்சினை, ஆள் இல்ல.” என் பக்கம் பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

அறைக்குத் திரும்பினேன். பொட்டை அவர்கள் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்ததில் கதவின் சாயம் வெளுத்திருக்கிறது. தினமும் இடுக்கியை எடுக்கும் முன் அதைப் பார்க்கிறேன், தினமும் மனசு எரிகிறது. அடுத்த ஆயுத பூஜைக்கும் அதே இடத்தில்தான் வைப்பேன். சுண்டலும் கொண்டு போவேன். அவருக்கு மட்டும் கிடையாது.