யானை குதித்ததற்கு யார் சாட்சி

நாங்கள் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துக்குக் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை இருந்த ஊரில் எங்களைத் தவிர வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. அப்பாவுக்கு வுப்பர்டாலில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. அதைவிட முக்கியமாக, அம்மாவின் அண்ணன், என் மாமா, அங்கேதான் இருந்தார். அவர் வீட்டுக்கு மேல்மாடி காலியாகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்.

மாமா கல்யாணம் செய்யாதவர். பகலில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பின்னேரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை. அவருடைய கதைகளில் பாதி நிஜம், பாதி சொந்தத் தயாரிப்பு. எது எந்தப் பாதி என்பது அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. ஜெர்மன்காரர் தோட்டத்து உருளைக்கிழங்குக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள் என்று அவர் சொன்னதை நம்பி, பக்கத்து வீட்டுக் கிழவரிடம் எப்போது கேக் வெட்டுவீர்கள் என்று நான் கேட்டும் இருக்கிறேன்.

புதிய பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை எங்களைக் கணினி அறைக்கு அழைத்துப்போய், இணையத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். முதல் நாள் அவர் எங்களுக்கு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். குளிர்காலத்தில் ரைன் நதிக்கரையில் முட்டையிடும் பென்குயின்களைப் பற்றிய பக்கம் அது. படங்கள் இருந்தன, வரைபடம் இருந்தது, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு விஞ்ஞானி சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பக்தியோடு கொப்பியில் எழுதிக்கொண்டோம். எழுதி முடித்த பிறகுதான் ஆசிரியை சொன்னார், அந்தப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் குசினி மேசையில் தானே செய்ததாக. விஞ்ஞானி அவருடைய தம்பியாம். சைக்கிள் திருத்துகிறவர்.

அதற்குப் பிறகு மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினார். யார் எழுதியது? எப்போது எழுதியது? வேறு யார் அதைச் சொல்கிறார்கள்? கீழே ஒரு கட்டளை: பெயர், விலாசம் கேட்கும் எந்தப் பெட்டி திரையில் எழும்பினாலும் பதில் எழுதாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

அந்தக் கேள்விகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடு கொஞ்சம் கஷ்டப்பட்டது.

"ஈரத் தலையோடை வெளியிலை போகாதை, காய்ச்சல் வரும்," என்றார் அம்மா.

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"வேறை ஆர் சொல்லினம்?"

"கொப்பாவும் சொல்லுவார்."

அப்பா பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, "ஓம்," என்றார்.

அடுத்த கிழமைக்கு ஒரு வீட்டுவேலை தந்திருந்தார்கள். எங்கள் நகரத்தைப் பற்றி ஒரு செய்தியைத் தேடி எடுத்து, அதை நம்பலாமா என்று வகுப்பின் முன் சொல்ல வேண்டும். மாமாவிடம் கேட்டேன். அவர் தேநீரை உறிஞ்சிவிட்டு, யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே எங்கள் நகரத்தின் தொங்கு ரயில், தலைக்கு மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கியபடி ஆற்றின் மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

"உதுக்குள்ளை இருந்து ஒரு யானை ஆத்துக்குள்ளை பாய்ஞ்சது. தெரியுமோ?"

உருளைக்கிழங்கு எனக்கு ஞாபகம் வந்தது. இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாமாவின் கணினியிலேயே தேடினோம். நடுவில் ஒரு பெட்டி எழும்பி, எங்களுக்குப் புதிய தொலைபேசி பரிசாக விழுந்திருக்கிறது, விலாசத்தை எழுதுங்கள் என்றது. கட்டளைப்படி மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பக்கத்தில்தான் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலாசத்தை எழுதப் போனவரை நான் தடுத்துப் பெட்டியை மூடினேன். "சிலவேளை உண்மையா இருந்தால்?" என்று அவர் கொஞ்சநேரம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

யானை கிடைத்தது. தொங்கு ரயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே, காற்றில், ஒரு குட்டியானை. மாமா கதிரையில் சாய்ந்தார். ஆனால் நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன், அதற்கடுத்ததற்கும் போனேன். ஓரிடத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: இந்தப் படம் பிறகு ஒட்டிச் செய்யப்பட்டது.

"மாமா, படம் பொய்."

"படம் பொய்யா இருக்கட்டும் பிள்ளை. யானை பொய்யில்லை."

பிடிபட்டவர்கள் பேசுவது இப்படித்தான் என்று நினைத்தேன். மேற்கொண்டு வாசிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் நான் எழுந்து நின்று, ரயிலில் இருந்து யானை குதித்தது என்று ஒரு பொய் உலாவுகிறது, நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பக்கத்தில் இருந்த துருக்கிப் பிள்ளை மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். வுப்பர்டாலில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த யானையைத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஆசிரியை சிரிக்கவில்லை. சிரித்தவர்களைப் பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும்," என்றான் ஒருவன்.

"பென்குயினும் போன கிழமை எல்லாருக்கும் தெரிந்திருந்ததே."

படத்தைச் சோதித்துப் பார்த்தது இந்த வகுப்பில் இவள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் கணினிகளுக்கு முன்னால் இருத்தினார். தேடினோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களில், ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காகக் குட்டியானையை ரயிலில் ஏற்றியதும், பெட்டிக்குள் நெரிசலில் அது மிரண்டு பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்ததும், சிறு காயத்தோடு எழுந்து நின்றதும் அக்காலப் பத்திரிகைகளில் வந்திருந்தன. பத்திரிகைக்காரர்களும் அந்தப் பெட்டியில்தான் இருந்தார்கள். யானை குதித்த அந்த நொடியை ஒருவரும் படம் எடுக்கவில்லை. பிறகு யாரோ ஒட்டிச் செய்தார்கள்.

"ஆகவே படம் பொய், யானை உண்மை," என்றார் ஆசிரியை. "பொய்ப் படம் இருப்பதால் செய்தி பொய்யாகிவிடாது. படம் இல்லை என்பதால் ஒன்று நடக்கவில்லை என்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் ஒப்புவித்தேன். மாமா வெற்றி கொண்டாடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் யானையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

"கடைசியாச் சொன்னதைத் திரும்பச் சொல்லு. அவ சொன்ன மாதிரியே, டொச்சிலை."

ஜெர்மன் மொழியிலேயே சொன்னேன்.

"உங்கடை ரீச்சர் அப்பிடியோ சொன்னவ?"

"ஓம்."

அம்மா, கேட்காமலே அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்தார். "சாப்பிடுங்கோ அண்ணை," என்றார், மிக மெதுவாக.

பெற்றோர் சந்திப்பு நாளில் அப்பாவுக்கு வேலை. மாமா தானே வருவதாகச் சொன்னார். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, அம்மா சுட்ட பயத்தம் பணியாரத்தை ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னுடைய கணக்குப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆசிரியையின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பிள்ளைகளுக்கு நல்ல விஷயம் படிப்பிக்கிறீர்கள்," என்பதை டொச்சில் இரண்டு தரம் சொன்னார். ஆசிரியை கொஞ்சம் திகைத்தார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா மற்றதைச் சொன்னார். மாமா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதியாக ஏற்கும்படி கேட்டு, மன்னாரில் தன் கண்முன்னே நடந்ததை ஓர் அதிகாரிக்கு முன்னால் இருந்து சொன்னாராம். வேறு யார் பார்த்தது, படம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது மாமா மட்டும்தான். நம்பும்படியாக இல்லை என்று பதில் வந்தது. பிறகு ஒரு நீதிபதி, பொறுமையாக முழுவதையும் திரும்பக் கேட்டு, நம்பினார். இரண்டுக்கும் நடுவில் மாமாவின் வாலிபம் போயிருந்தது.

அன்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நின்ற எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. மாமா ஆசிரியையின் கையை விடுகிற மாதிரி இல்லை என்பதும், என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும்தான் தெரிந்தது. நான் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து, வீட்டுக்குப் போவோம் என்று இழுத்தேன்.