இரண்டாக அறுத்த பாய்மரம்

கப்பலிலிருந்து வந்த அன்று என் தம்பி பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டும் என்று சொல்லி, குளியலறையோடு சேர்ந்த பின்னறைக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். பதினான்கு நாள் முடிந்தது. அவன் வெளியே வரவில்லை. அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஒன்பது மாத ஒப்பந்தத்தில் போனவன் அவன். கொரோனா வந்த பிறகு எந்தத் துறைமுகமும் ஆட்களை இறங்க விடாததால் பதினாறு மாதம் கப்பலிலேயே கிடந்தான். நடுவில் அவனோடு வேலை பார்த்தவர் ஒருவர் கப்பலில் இறந்துபோனார். அதுவும் கம்பெனிக்காரர்கள் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் வாயே திறக்கவில்லை.

நான் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். எஸ்டேட் கொடுத்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். எனக்குப் பொறுமை என்பது கிடையாது. முதல் மாதம் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுக் கெஞ்சினேன். இரண்டாம் மாதம் திட்டினேன். மூன்றாம் மாதத்திலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. இவன் இப்படியே உள்ளேயே இருந்துவிடுவானோ என்று அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். அழுததை அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு காலை டீ போட்டுக்கொண்டிருந்தபோது போனில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பத்தடி தள்ளி இருக்கிற அறையிலிருந்து வாட்ஸ்அப். ஒரு சின்னப் பாய்மரப் படகின் படம், கொச்சியில் ஒரு பெரியவரின் போன் நம்பர், கீழே ஒரே வரி: ‘வாங்கலாமாக்கா?’

இந்த மலையில் படகை வைத்து என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. யானை கேட்டிருந்தாலும் அன்றைக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கொச்சிப் பெரியவர் நல்ல மனிதர். மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதால் படகை விற்கிறாராம். மலையாளமும் தமிழும் கலந்து அரைமணி நேரம் அதன் பெருமையைச் சொன்னார். நான் கேட்டது ஒரே கேள்வி: நீளம் எவ்வளவு? பதினாலு அடி என்றார். எங்கள் எஸ்டேட் லாரிக்குள் அடங்கும். எனக்கு அது போதும்.

அப்போது ஊரடங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ், மாநிலம் தாண்ட இன்னொரு பாஸ். ஆனால் தேயிலைக்குத் தடையில்லை. எங்கள் லாரி தூள் மூட்டைகளோடு கொச்சி குடோனுக்குப் போய், வரும்போது காலியாகத்தான் திரும்பும். எஸ்டேட் குளத்தில் படகு விடவும், அதை லாரியில் ஏற்றிவரவும் அனுமதி கேட்டு மேனேஜரிடம் லீவு லெட்டர் எழுதுகிற பாணியிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து டிரைவர் கூப்பிட்டார்.

“ஏனுங்க்கா, படகு பத்தரமா இருக்குதுங்க. ஆனா இந்தக் கம்பம் படகவிட ஏழடி அதிக நீளமுங்க. லாரிக்குப் பின்னால நீட்டிக்கிட்டு நிக்குது. இங்க வரைக்கும் செவப்புத் துணி கட்டி ஓட்டியாந்துட்டனுங்க. கொண்டை ஊசில திருப்ப முடியாதுங்களே. செக்போஸ்ட்லயும் உடமாட்டேங்கறாங்க.”

படகைவிட அதன் கம்பம் நீளமாக இருக்கும் என்று தேயிலைக்காட்டில் யாருக்குத் தெரியும்?

“அலுமினியம் பைப்புதானுங்களே?” என்று கேட்டேன்.

“ஆமாங்க, உள்ள வெத்துங்க. நம்ம ஸ்பிரிங்க்ளர் பைப்பாட்டம் அறுத்துக்கலாங்களா?”

எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் நீள இரும்புக் குழாய் எதுவானாலும் மலையடிவாரத்தில் இரண்டாக அறுத்து, மேலே ஃபேக்டரி ஃபிட்டரிடம் ஒட்டிக்கொள்வதுதான் வழக்கம். இத்தனை வருடத்தில் எத்தனை குழாய்க்கு நானே போனில் அனுமதி கொடுத்திருக்கிறேன். யோசிக்கக்கூட இல்லை.

“அறுத்துருங்க. ஃபிட்டர் ஒட்டிக்குவாரு.”

சாமர்த்தியமாகக் காரியம் முடித்ததாக நினைத்து இன்னொரு டீ குடித்தேன்.

மத்தியானம் லாரி வாசலில் வந்து நின்றது. சத்தம் கேட்டுத் தம்பி வெளியே வந்தான். தாடியும் கலைந்த தலையுமாக, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். படகைக் காலியாகக் கொண்டுவர மனசு வராமல் டிரைவர் அதற்குள் தேங்காய் நிரப்பியிருந்தார். தம்பி ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கீழே வைத்தான். படகின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் எதையோ கண்டு என் நெஞ்சு நிறைந்துபோனது. அதற்குப் பிறகுதான் சிவப்புத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு துண்டுகளைப் பார்த்தான்.

“யாரு இத அறுத்தது?”

டிரைவர் என்னைப் பார்த்தார்.

“நான்தான் கண்ணு சொன்னேன். பைப்புதானேன்னு...”

“அது பைப் இல்லக்கா. பாய்மரம். அது இல்லீன்னா இது வெறும் தொட்டி.”

உள்ளே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தரம் அவனை வெளியே விட்ட கதவு. அதையும் நானே என் கையால் சாத்திவிட்டேன். அன்றைக்கு என்னை நான் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை டீ கொண்டுபோனால் அறையில் ஆள் இல்லை. முற்றத்தில் பாய்மரத் துண்டுகளும் இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஃபேக்டரிக்கு ஓடினேன். பட்டறையில் ஃபிட்டருக்கு எதிரே, மாஸ்க் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

ஃபிட்டர் சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இரும்பாக இருந்தால் நிமிடத்தில் ஒட்டிவிடுவேன், அலுமினியம் என் கையில் நிற்காது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகி இரண்டு பக்கமும் ரிவெட் ஆணி அடிக்கலாம் என்பது தம்பியின் யோசனை. சில்வர் ஓக் கட்டை ஒன்றை எடுத்து நான்கு நாள் இழைத்தார்கள். செருகிப் பார்ப்பதும், இறுகுகிறது என்று உருவி மறுபடி இழைப்பதுமாகப் போனது.

“சரிவரும் தம்பி, அவசரப்படாதீங்க” என்று ஃபிட்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டுபோனேன். இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். ஆனால் மாலையில் வீடு வந்ததும் அந்தக் கதவு மட்டும் சாத்திக்கொண்டுதான் இருந்தது.

படகைக் குளத்தில் இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்தது. பாய் ஏறி நின்றது, ஒட்டுப் போட்ட இடம் அசையவில்லை.

“ஏறுங்கக்கா” என்றான்.

எனக்கு நீச்சல் தெரியாது, குளத்தைக் கண்டாலே பயம். பாய்மரத்தை அறுத்த கணக்கு என் தலையில் இருந்ததால் மறுக்க வாய் வரவில்லை. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுக்குளத்துக்குப் போனதும் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கியது. துடுப்பு கரையிலேயே கிடந்தது. தண்ணீர் அசையாமல் இருந்தது. அவன் ஒட்டுப் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

“பதினோரு நாளுக்கா. எந்தத் துறைமுகத்துலயும் செத்தவன் ஒடம்ப எறக்க உடல. கறி மீன் வெக்கற குளிர் ரூம காலி பண்ணி அவன வெச்சோம். தெனமும் தொறந்து பாக்கற வேலை எனக்கு. பாத்துட்டு அந்தக் கதவ நான்தான் சாத்தோணும்.”

அவன் முழங்காலில் கையை வைத்தேன். அவன் அழுதான், நானும் அழுதேன், யாரும் யாருக்கும் மறைக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் பாய் மெல்ல உப்பியது. கரைக்குப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இன்னொரு சுத்துப் போலாங்களாக்கா?”

“போலாம்” என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். அவன் பின்னறைக்குப் போனான். நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பழக்கத்தில், கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பால் பொங்கி வந்தது. சத்தம் வரவில்லை.