உள்ளங்காலின் சூடு

சில வருடங்களுக்கு முன், ஆடிப்பூரத்துக்குக் கொடியேறியிருந்த வாரம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகள் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஊர் முழுக்கத் தேர்ப் பேச்சாக இருக்க, என் கண் மட்டும் கதவுக் கண்ணாடி வழியே தெரிந்த ஒரு சின்னக் கட்டிலை விட்டு நகரவில்லை.

என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதால், நாள் வருமுன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். அவள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். பெண் குழந்தை, பூனைக்குட்டி அளவுதான். மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் உடம்பில் சூடு நிற்கவில்லை, எடையும் ஏறவில்லை. சூடு தரும் கட்டிலிலிருந்து செத்த நேரம் வெளியே எடுத்தால் போதும், கால் சில்லிட்டுவிடும்.

நான் ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்றாலே என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அன்று என் படிப்பு எதற்கும் உதவவில்லை. போனில் தேடத் தேடப் பயம்தான் கூடியது.

ஒரு நாள் காலையில் குழந்தைகள் வார்டு நர்ஸ் வெளியே வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், மம்சாபுரத்துப் பெண்.

“அண்ணே, நல்லா குளிச்சிட்டு வாங்க. பவுடரு, சென்ட்டு ஒண்ணும் போடக் கூடாது. உள்ள வந்து சட்டையக் கழட்டணும்.”

ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். “எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோங்க சிஸ்டர்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ரத்தத்த நீங்களே வச்சுக்கோங்க. பிள்ளைக்கு உங்க உடம்புச் சூடுதான் வேணும். நெஞ்சோட சேத்துக் கட்டி வச்சா நல்லாத் தேறும். அவுகளுக்குச் சரியாகுற வரைக்கும் நீங்கதான் அம்மா.”

பக்கத்தில் நின்ற என் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூல் மில்லில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். எங்கள் வீட்டில் பிறந்த பதினாறு நாள் தீட்டு கழியும் வரை ஆண்கள் குழந்தையை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

“தீட்டே கழியல, ஆம்பள தொடுறதாவது! தள்ளு, நான் வச்சுக்கிடுதேன்” என்று முன்னால் வந்தவளுக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது.

“இந்த இருமலோட உங்கள உள்ள விட மாட்டேன்க்கா” என்றார் நர்ஸ். “தீட்டப் பொறவு கழிச்சுக்கிடலாம். பிள்ளைக்குச் சூடு இப்ப வேணும்.”

உண்மையில் எனக்குத் தீட்டைப் பற்றிக் கவலையில்லை. என் கைகளை நினைத்துத்தான் பயம். அதுவரை ஒரு பச்சைக் குழந்தையைக்கூடத் தூக்கியதில்லை.

நர்ஸ் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, தொப்பி போட்ட குழந்தையை என் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு அழுந்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மெல்லிய துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினார். அந்தக் குட்டி உடம்பின் குளிர்ச்சி பட்டதும் நான் விறைத்துப் போனேன்.

“அண்ணே, முதல்ல மூச்ச விடுங்க. நீங்க விட்டாத்தான அவளுக்கும் விடத் தோணும்.”

அதன் பிறகுதான் மூச்சுவிட்டேன். என் நெஞ்சு ஏறி இறங்க, அவளும் கூடவே ஏறி இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் தன் புறங்கையால் குழந்தையின் வயிற்றைத் தொட்டார். பிறகு உள்ளங்காலைத் தொட்டார். என்னையும் அதேபோலத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“ரெண்டும் ஒரே சூடா இருக்கா? அப்ப பிள்ள சுகமா இருக்குன்னு அர்த்தம். வயிறு சுட்டு, கால் மட்டும் சில்லுன்னு இருந்தா உடனே என்னக் கூப்பிடணும்.”

அன்று வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு யோசனை. என் நெஞ்சு முடி அவள் கன்னத்தில் குத்துமே! மறுநாள் விடியக்காலம் சலூனில் மழித்துக்கொண்டு, பெருமையோடு வந்து சட்டையைக் கழற்றினேன். நர்ஸ் முதலில் பிளேடு கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யாருண்ணே ஷேவ் பண்ணச் சொன்னது? முடி குத்தாது. இனிமே முளைக்கப் போகுது பாருங்க, அதுதான் குத்தும்!”

கதவருகே நின்ற அக்கா, “ஏலே, படிச்சவன்னு உன்ன அனுப்புனா, மாப்பிள்ள கணக்கால்ல வந்து நிக்க!” என்றாள். அந்த வாசலில் அத்தனை நாளில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

தேரன்றும் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தேன். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டதும் குழந்தை ஒருமுறை உதறிவிட்டு, மறுபடி என் மேல் ஒட்டிக்கொண்டு தூங்கினாள். வருடம் தவறாமல் தேர் பார்க்கும் அக்கா அன்று போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று தன் காலைக் காட்டிக் கையை விரித்தாள். “கால் சுடுதா?” என்று கேட்கிறாளாம். நான் ஆமென்று தலையாட்டினேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

எடை மெல்ல ஏறத் தொடங்கியது. என் மனைவியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்த அன்று, நர்ஸ் கட்டை அவிழ்த்து, குழந்தையை என் நெஞ்சிலிருந்து அவள் நெஞ்சுக்கு மாற்றினார். மனைவி குழந்தையைத் தொட்டுப் பார்த்து, “எம்புட்டுச் சூடா இருக்கா!” என்றாள். நான் சட்டையைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வாசல் காவல் அக்காவுடையதாயிற்று. சொந்தக்காரர் யார் வந்தாலும், “கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. இருமல் இருக்கவுக அங்ஙனயே நில்லுங்க” என்று நர்ஸின் குரலிலேயே அதட்டுவாள். தீட்டு என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது தூங்கும் அவளுடைய உள்ளங்காலை இன்றும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். கூச்சத்தில் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்வாள். என்னாலும் ஓர் உயிரை அணைத்து வளர்க்க முடியும் என்று அந்த நர்ஸ் தந்த தைரியம், அந்தச் சூட்டில் ஒவ்வொரு நாளும் என் கைக்குத் திரும்பி வருகிறது.