மாதா எண்ணெயும் கணுக்கால் டேப்பும்

இறைமக்களே, ஒரு கணுக்காலுக்காக மாதாவிடம் மன்றாடியவள் நான். சிரிக்காதீர்கள். என் வாழ்க்கை முழுவதும் அந்தக் காலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வரதராஜன்பேட்டைப் பக்கம். காவலர் தேர்வுக்காக முந்திரித் தோப்புப் பாதையில் ஓடிப் பழகினேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ஆனால் வலது கணுக்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காது. வளைவில் திரும்பினால் வெளிப்பக்கமாகப் புரண்டுவிடும். முந்தைய தடவை பாதி ஓட்டத்தில் புரண்டு, மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

"இந்த வாட்டியும் ஆவலேன்னா மாப்ள வூட்டுக்கு வாக்குக் குடுத்துருவேன்" என்றார் அப்பா. அந்த மாப்பிள்ளையோ, பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று முதல் நாளே சொன்னவர். அவருடைய அம்மா ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்துவிடுவார். அந்த டம்ளர் சத்தம் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டும். ஓடவும் முடியவில்லை, ஓடாமல் இருக்கவும் முடியவில்லை. பொறிக்குள் எலியாகக் கிடந்தேன்.

தவக்காலம் முழுவதும் ஜெபமாலை சொன்னேன். "தாயே, நீங்களே வந்து என் காலைப் பிடிச்சுக்கங்க" என்று கதறினேன். கோவிலில் மந்திரித்த எண்ணெயை அம்மா விடிந்ததும் என் காலில் தேய்த்துவிடுவார். தேர்வு முடியும்வரை ஒரு நாளும் விடக் கூடாது என்பது அவருடைய நேர்ச்சை. அதன்மேல் ஓட்டக்காரர்கள் ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஓடுவேன். கொஞ்ச தூரம் பிடிக்கும், பிறகு நழுவிவிடும். மட்டச் சரக்கு என்று மருந்துக்கடைக்காரரைத் திட்டினேன்.

தேர்வு நாளும் வந்தது. மைதானத்தில் கொஞ்சம் ஓடிப் பார்த்ததுமே டேப் கழன்று ஷூவுக்குள் சுருண்டுகொண்டது. எங்கள் அணியை அழைக்கப் போகிறார்கள். மறுபடி ஒட்டிப் பார்த்தேன், மறுபடியும் கழன்றது. பக்கத்தில் நெற்றியில் திருநீறோடு ஒரு பெண், அரும்பாவூர்க்காரி. என்னோடு ஓட வேண்டியவள், என்னோடு போட்டி போடுபவள். என் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, எண்ணெய் தேச்சிருக்கீங்களா? எண்ணெ மேல டேப் எப்படிக்கா ஒட்டும்? தொடைச்சிருங்க."

"மாதா கோவில் எண்ணெய்ம்மா. தொடைக்கக் கூடாது."

தேர்வா, நேர்ச்சையா? எதை விட்டாலும் நான் செத்தேன் என்று தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மண்ணில் மண்டியிட்டாள்.

"நான் தொடைக்கிறேன். பாவம்னா எனக்கு வரட்டும். நீங்க ஓடுங்க."

தன் துப்பட்டாவை நனைத்து எண்ணெயைத் துடைத்தாள், ஈரம் போக ஒற்றினாள். பாதத்தை நேராக நிறுத்தச் சொல்லி, உள்பக்கத்தில் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுவந்து, வெளிப்பக்கமாக மேலே இழுத்துத் தன் டேப்பை ஒட்டினாள்.

ஓடினேன். வளைவில் கால் புரளப் பார்த்தது. டேப் விடவில்லை. கோட்டைத் தாண்டியதும் மாதாவே என்று அலறிவிட்டேன்.

இன்று நான் காக்கிச் சட்டை போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் வேலை கிடைத்தது. காபிக்கு வந்தவர்கள் இப்போது வருவதில்லை. எண்ணெயைத் துடைத்ததை அம்மாவிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அம்மா என் கணுக்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மாதாவ வந்து காலப் புடிக்கச் சொன்னியே, யாரு வந்து புடிச்சான்னு பாத்தியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எண்ணெய் இரவில், டேப் காலையில். அரும்பாவூர்க்காரிக்காகவும் ஜெபமாலை சொல்கிறேன். பொறிக்குள் கிடப்பவர்களே, நம்பிக் கேளுங்கள். தாய் வருவாள். திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் காலை நீட்டுங்கள்.