பளபளப்பின் பகையாளி

பட்டறையில் எல்லோருக்கும் அவர் வெல்வெட்டார். காட்டு வாத்தை ஏமாற்றி இறக்குவதற்காகச் செய்யும் பிளாஸ்டிக் வாத்துக்குப் பசை தடவி, அதன்மேல் வெல்வெட் பொடி தூவி, பார்த்தால் இறகு மாதிரியே தெரியும்படி செய்வது அவர் வேலை. நகைப்பெட்டியின் உள்பக்கம், கடிகாரக் கூடு என்று எது வந்தாலும் பூசிக் கொடுப்பார். ஆனால் உயிர் என்னவோ வாத்துமேல்தான்.

அதைப் பொடி என்று சொன்னால்கூட மனிதர் சண்டைக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி நூலாம். பசை ஈரமாக இருக்கும்போதே மின்சாரச் சல்லடையால் தூவினால் அத்தனை நூலும் புல் மாதிரி எழுந்து நிற்கும். பசை ஓரிடத்தில் தடித்துப் போனால் அந்த இடம் திட்டுத் திட்டாகச் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். பசை காய்ந்தபின் தூவினால் நூலெல்லாம் வாத்தை விட்டுவிட்டு அவர் மீசையில் போய் உட்காரும். அவருடைய டீயில் எப்போதும் ஒரு மெல்லிய ரோமம் மிதந்துகொண்டிருக்கும். ஊதிவிட்டுக் குடிப்பார்.

இத்தனை பாடும் பளபளப்பை ஒழிப்பதற்குத்தான். பிளாஸ்டிக் முதுகில் வெயில் பட்டு மின்னினால் போதும், காட்டுப் பறவை அரை மைலுக்கு அப்பாலேயே திரும்பிவிடும். ஆகவே பளபளப்பு அவருக்குப் பிறவிப் பகையாளி. இந்தப் பகையைப் பட்டறையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வீட்டில் கதவுக் கைப்பிடி, விளக்கு சுவிட்சு, டிவி ரிமோட் என்று மின்னியதற்கெல்லாம் வெல்வெட் பூசினார். ரிமோட்டில் எது எந்தப் பட்டன் என்பது அன்றிலிருந்து யாருக்கும் தெரியாது.

அவர் மனைவியோ நேர் எதிர். பாத்திரம் துலக்கினால் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்க வேண்டும் அவளுக்கு. பாத்திரம் நீங்கலாக அவள் துடைத்து வைத்ததையெல்லாம் அவர் மங்கடிப்பார், அவர் மங்கடித்ததை அவள் சுரண்டி எடுப்பாள். குடும்பம் நடந்தது.

"காலையில போயி பொம்மைக்குப் பவுடர் போட்டுட்டு வர்ற ஆளுக்கு வாய் மட்டும் எவ்வளவு நீளம்!" என்பாள். ஆசையாய் ஒரு வாத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால், ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இங்க திட்டா இருக்கே" என்பாள். அவர் பார்ப்பார். இருக்கும். அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. போகட்டும், வாத்தாவது சொல்லியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தன் பொம்மையை நம்பி ஒரு நிஜ வாத்து வந்து இறங்குவதை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. பொம்மைகள் பெட்டியில் ஏறிப் போய்விடும். நம்பின வாத்து எங்கோ, அவர் எங்கோ.

இந்த நேரத்தில்தான் முதலாளி குண்டைத் தூக்கிப் போட்டார். முதலாளிக்குத் தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

"வெல்வெட்டு, இனிமே ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சிரலாம்னு பாக்கறேன். அதுவும் மங்கலாத்தானே இருக்கு?"

"சார், பெயின்ட் நனைஞ்சா மின்னும் சார்."

"அதை வாத்து சொல்லட்டும். ஏரிக்காவலர் பொம்மை கேட்டிருக்காரு. ஏரித்திட்டுல பறவை இறங்கறதே இல்லையாம், பொம்மையைக் காட்டிக் கூப்பிடணுமாம். உன்னுதைக் கொண்டுபோய் வைப்போம். ஒரு வாத்து இறங்கினாக்கூட உன் மேசை உனக்கு. இறங்கலைன்னா அந்த இடத்துல பெயின்ட் மெஷின் வந்துரும். நீ பேக்கிங் பக்கம் போயிரு."

பேக்கிங் என்றால் நாள் முழுக்க டேப் ஒட்டுவது. அந்த டேப் எப்படி மின்னும் என்று நினைத்தபோதே அவருக்கு உடம்பு கூசியது. வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி, "நானும் வர்றேன். அப்படி என்னதான் பண்றீங்கன்னு பாக்கறேன்" என்றாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று அவருக்கும் தோன்றியது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஏரிக்கரையில் கோரைத் தட்டியால் ஒரு மறைப்பு கட்டியிருந்தார்கள். கூரை கிடையாது. எதிரே திட்டில் வெல்வெட்டாரின் வாத்துகள் வரிசையாய் நின்றன. கறுத்த கழுத்து, சாம்பல் முதுகு. தட்டிக்குப் பின்னால் ஏரிக்காவலர், முதலாளி, வெல்வெட்டார், கடைசியில் சாப்பாட்டோடு அவர் மனைவி. எல்லோரும் குந்தியிருந்தார்கள்.

காட்டு வாத்துக் கூட்டம் வந்தது. ஒரு வட்டம் அடித்தது, தாழ்ந்தது. திட்டுக்கு மேலே வந்ததும் வெடுக்கென்று மேலேறிப் போய்விட்டது.

"என்னய்யா உன் வாத்து?" என்றார் முதலாளி.

"எங்கேயோ மின்னுது சார்" என்று வெல்வெட்டார் எழுந்துவிட்டார். ஏரிக்காவலரின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். பிறகு மெல்லத் திரும்பி முதலாளியைப் பார்த்தார். வெயில் நேராக அந்தத் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வது? ஏரிக்காவலர்தான் தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

"தொப்பியெல்லாம் வழுக்கை விழுந்தவங்க போடறது" என்றார் முதலாளி.

ஏரிக்காவலர் தொப்பியைத் திரும்பத் தன் தலையில் வைத்துக்கொண்டார். கூட்டம் இன்னும் தூரத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வெல்வெட்டாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழுதுபார்க்கக் கொண்டுவந்த பசை டப்பாவும் கைப்பம்பும் பையில் இருந்தன. துணிந்து கேட்டுவிட்டார்.

"சார், தண்ணியில கரையற பசைதான். கறுப்பு வெல்வெட் இருக்கு. ஒரே ஒரு பூச்சு போட்டுரட்டுமா?"

வேலை போயிற்று என்றே நினைத்தார். முதலாளி உள்ளங்கையால் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வகிடு எடுக்க வருமா?" என்று கேட்டார்.

வேலை என்று வந்துவிட்டால் வெல்வெட்டாருக்கு வாத்தும் ஒன்றுதான், முதலாளியும் ஒன்றுதான். எண்ணெய்ப் பசை போகத் துணியால் அழுத்தித் துடைத்தார். தடிக்காமல் பசையை இழுத்தார். பம்பால் புஸ் புஸ் என்று பொடியை ஊதினார். "மூச்சு விடாதீங்க சார், பறக்கும்." கடைசியில் மிச்சப் பொடி உதிர்வதற்காக முதலாளியின் தலையைக் குனியவைத்துப் பின்மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். பட்டறையில் பலரும் பல வருஷமாக ஆசைப்பட்ட காரியம் அது. முதலாளி போனை எடுத்து முகம் பார்க்கப் போனார்.

"போன் மின்னும் சார், உள்ள வைங்க!"

பயபக்தியோடு உள்ளே வைத்துவிட்டார். ஏரிக்காவலர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டம் மறுபடி வந்தது, தாழ்ந்தது, அதே இடத்தில் வெடுக்கென்று திரும்பியது. வெல்வெட்டாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் கோளாறு பொம்மையில்தான். இவ்வளவு காலமும் தான் செய்ததெல்லாம் நகைப்பெட்டிக்குத்தான் லாயக்கு. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மனைவி என்ன சொல்லப் போகிறாளோ என்று அந்தப் பக்கம் திரும்பினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கல்மேல் அவளுடைய எவர்சில்வர் அடுக்கு டிபன் கேரியர் இருந்தது. கணவனுக்கு முக்கியமான நாளாயிற்றே என்று முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்திருந்தாள். வானமே அதில் தெரிந்தது.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டில் எந்நேரமும் கண்ணைக் குத்திக் குத்தி அது கண்ணுக்கே பழகிப்போயிருந்தது. ஆனாலும் அவளுடைய பாத்திரத்தில் கைவைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. முதலாளி தலையில் கைவைத்ததைவிட அது பெரிய காரியம்.

அவளே கை நீட்டினாள். கேரியரை மடியில் எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். குனிந்து கரைச் சேற்றை வாரினாள். மூடி, பக்கவாட்டு, கைப்பிடி என்று ஓர் இடம் விடாமல் தன் கையாலேயே அப்பினாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்புவதை வெல்வெட்டார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது தலைக்கு மேலே சிறகுச் சத்தம். முதலாளி அவர் தோளை இறுக்கிப் பிடித்தார். கூட்டம் மேலே வட்டமிட்டுக்கொண்டிருக்க, அதிலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து இறங்கியது. வரிசையின் கடைசிப் பொம்மைக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, ஆபத்து ஏதும் உண்டா என்று அசையாமல் நின்றது. ஏரிக்காவலர் விரலை உதட்டில் வைத்தார். வெல்வெட்டாருக்குச் சத்தம் போடத் தோன்றியது. சத்தம்தான் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

கேரியரை மூடி முடித்த மனைவி சேற்றுக் கையோடு தவழ்ந்து வந்து தட்டியின் இடுக்கில் பார்த்தாள். அவர் அழுவதையும் பார்த்தாள். பாவமாகிவிட்டது.

"வராட்டிப் போகுது, விடுங்க" என்றாள் காதோடு. "அதுங்களுக்குக் கொடுத்து வைக்கலை. அச்சு அசலாத்தானே பண்ணியிருக்கீங்க. எனக்கே நிஜம்னு தோணுது."

அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவள் இன்னும் இடுக்கில்தான் கண்ணை வைத்திருந்தாள். குறை சொல்லாமல் கொஞ்ச நேரம்கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. அந்தக் கடைசில நிக்குது பாருங்க, அது மட்டும்தான் சரியா வரலை. முதுகுல திட்டுத் திட்டா இருக்கு. கழுத்தும் ஒரு மாதிரி கோணல்."

அவள் சொன்ன அந்தக் கோணல் கழுத்து நீண்டது. முதுகை ஒரு சிலுப்பு சிலுப்பிக்கொண்டு, வாத்து நிதானமாக நடந்து தண்ணீருக்குள் போயிற்று.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. சேற்றுக் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நான் பண்ணது" என்றார் வெல்வெட்டார்.